தலைவர் மறந்த சொல்

முதல் கூட்டத்திலேயே அவள் தலையில் ஒரு மடக்கு நாற்காலி வந்து விழுந்தது. பின்வரிசையில் நான்கு பேர் எழுந்து கூச்சல் போட்டார்கள். அவர்களை அடிக்கக் கிளம்பியவர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூக்கி வீசினார்கள். அதில் ஒன்று குறி தவறி, மேடைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த சின்ன மேசைக்கு வந்தது. நெற்றி பிளந்து வழிந்த ரத்தம் இடது கண்ணை மூடியது. வலது கண் திறந்திருந்தது, பென்சிலும் கையில் இருந்தது, மேடையில் இருந்தவரோ பேச்சை நிறுத்தவில்லை. எனவே அவளும் எழுதிக்கொண்டே இருந்தாள். "நன்றி, வணக்கம்" என்பதையும் எழுதி முடித்த பிறகுதான் மயங்கிச் சரிந்தாள். ஒன்பது தையல். மறுநாள் காலை, ரத்தம் காய்ந்து ஒட்டிப்போயிருந்த பக்கங்களை நகத்தால் பிரித்து, முழுப் பேச்சையும் டைப் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விடுப்பு எழுதினாள்.

அப்போது அவளுக்கு வயது இருபத்து மூன்று. காவல் துறையில் சுருக்கெழுத்தாளர். அரசியல் கூட்டம் எங்கே நடந்தாலும் போய் உட்கார்ந்து, பேசுகிறவர் வாயிலிருந்து விழுவதை ஒன்று விடாமல் கோடும் புள்ளியுமாக நோட்டில் பிடித்து, பிறகு டைப் அடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்த நோட்டுதான் சாட்சி. நிமிடத்துக்கு நூற்றைம்பது சொல் எடுப்பாள். அந்த வேகத்தில் அவளுடைய கோடுகள், வகுப்பில் கற்றுக்கொடுத்த உருவத்தை விட்டு எங்கேயோ போய்விட்டிருந்தன. அவள் நோட்டை அவளைத் தவிர வேறு எவராலும் படிக்க முடியாது. அலுவலகத்தில் அவளுக்குக் 'கிறுக்கி' என்று பெயர் வைத்தார்கள். கிறுக்குவதால் வைத்த பெயரா, மண்டை உடைந்தும் எழுதியதால் வைத்த பெயரா என்று அவள் ஒரு நாள் இன்ஸ்பெக்டரிடமே கேட்டாள்.

"ரெண்டுக்கும் சேர்த்துதாம்மா" என்றார் அவர்.

நாற்காலி பறந்த அன்று மேடையில் பேசியவர் அப்போது கட்சியில் நாலோடு ஐந்தாவது ஆள். பின்னாளில் நாடு முழுக்கத் தலைவர் என்றால் அவர் ஒருவர்தான் என்றாகிவிட்டது. அவர் பேச்சை எடுக்க வேறு யாரை அனுப்பினாலும் நோட்டு பாதியில் வெறுமையாக வரும். கேட்க ஆரம்பித்து எழுத மறந்துவிடுவார்கள். ஒருவர் கைதட்டிவிட்டே வந்து நின்றார். கடைசியில் அந்த வேலை கிறுக்கியின் தலையில் விழுந்தது. பதினாறு வருடம், ஊர் ஊராக, அவள் அவருடைய குரலுக்குப் பின்னாலேயே போனாள்.

அவர் பெரிதாகக் கத்துகிறவர் இல்லை. மேடைக்கு வந்ததும் மைக்கை விட்டு ஒரு சாண் விலகி நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலத் தொடங்குவார். கேட்காது. கூட்டம் தானாகவே வாயை மூடும். ஒருவரை ஒருவர் "உஷ்" என்று அடக்குவார்கள். பத்தாயிரம் பேரும் கழுத்தை நீட்டி முன்னால் சாய்ந்த பிறகுதான் அந்த ஒரு சாணைக் கடந்து மைக்குக்கு வருவார். முன்வரிசையில் யாராவது நின்றிருந்தால், "அண்ணே, உக்காருங்க, உங்க காலு வலிச்சா எனக்குப் பேச்சு வராது" என்பார். அந்த ஆள் செத்தாலும் இனி வேறு கட்சிக்குப் போக மாட்டான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று அர்த்தம். அவள் புதுப் பென்சிலை எடுத்துக்கொள்வாள்.

அந்தக் குரல் ஒருமுறை அவள் உயிரைக் காப்பாற்றியது. அது ஆறாவது வருடம். விளையாட்டு மைதானத்தில் ஆட்கள் உட்கார அடித்திருந்த பலகைப் படிக்கட்டு மளமளவென்று முறிந்து சாய்ந்தது. விழுந்தவர்களின் அலறலைக் கேட்டு மற்றவர்கள் ஓட, ஓடியவர்களின் காலடியில் இன்னும் சிலர் விழுந்தார்கள். அவள் மேசையோடு கவிழ்ந்தாள். முதுகின் மேல் ஒரு செருப்புக் கால் ஏறி நின்றது, அதன் மேல் இன்னொருவர். மூச்சு நின்றுவிட்டது என்றே நினைத்தாள். அப்போது ஒலிபெருக்கியில் குரல் வந்தது, அவசரமே இல்லாமல். "யாரும் ஓடாதீங்க. இருந்த இடத்துலயே உக்காருங்க. பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிங்க. பிடிச்சாச்சா? எனக்குத் தெரிய வேணாமா, பிடிச்ச கையைத் தூக்கிக் காட்டுங்க." நாற்பதாயிரம் பேர் உட்கார்ந்தார்கள். நாற்பதாயிரம் கைகள் உயர்ந்தன. சாவு நான்கு பேரோடு நின்றது. அந்தக் குரல் மட்டும் இல்லையென்றால் நானூறு ஆகியிருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நீலம் பாய்ந்த முதுகுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டே, "அந்த மனுஷன் இல்லன்னா இந்நேரம் நீங்க என்னைப் பாடையிலதாங்க பார்த்திருப்பீங்க" என்றாள் கணவனிடம்.

அவள் கணவன் டவுன் பஸ் டிரைவர். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "அந்தக் கூட்டத்துக்கே நீ போகலன்னா முதுகும் நல்லா இருந்திருக்கும்" என்றான்.

அந்த வீட்டில் தலைவர் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தவன் அவள் தம்பி. அவளைவிட எட்டு வயது சின்னவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை பார்த்தான். அச்சகத்து மாடியில் ஒரு அறையில் தங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் அக்கா வீட்டுக்கு வருவான். வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அக்கா, இன்னிக்கு என்ன பேசினாரு?" என்பான்.

எடுத்த பேச்சை வெளியே சொல்லக் கூடாது என்பது அலுவலக விதி. சமையலறைக்குள் விதி ஏது? அடுப்பில் ஒரு கண்ணும் நோட்டில் ஒரு கண்ணுமாக அவள் படித்துக் காட்டுவாள். வெறுமனே படிக்கத் தெரியாது அவளுக்கு. அவர் எங்கே தாழ்த்தினாரோ அங்கே தாழ்த்துவாள், எங்கே நிறுத்தினாரோ அங்கே கரண்டியைப் பிடித்தபடி நிறுத்துவாள். தம்பி கண் கலங்கிப்போய்த் தட்டை மறந்து உட்கார்ந்திருப்பான். வருடக்கணக்காக இது நடந்தது. பின்னாளில் அவள் நெஞ்சில் அறைந்துகொண்டு அழுததெல்லாம் இந்தச் சமையலறைக்காகத்தான்.

பதினைந்தாவது வருட வாக்கில் தலைவருக்கு ஒரு பழக்கம் வந்தது. பேச்சின் நடுவே ஒரு சொல் மறந்துபோகும். நெற்றியைத் தேய்ப்பார், "அது வந்து... அந்த..." என்று தடுமாறுவார். கூட்டம் எடுத்துக் கொடுக்கும். சரியான சொல் வந்ததும் முகம் மலர்ந்து, "ஆங், அதுதான்!" என்பார். எடுத்துக் கொடுத்தவனுக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருக்கும். வயதாகிறது பாவம் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். கூட்டத்தின் கூச்சலையும் அடைப்புக்குறிக்குள் எழுதுவது அவள் வழக்கம். யாரும் சொல்லித் தரவில்லை, கை எழுதும்.

அந்த வருடம் அவள் ஊரின் பெரிய நூல் மில் பூட்டப்பட்டது. மூவாயிரம் பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்கள் இருந்தார்கள். தச்சு, தையல், ரொட்டி என்று சொந்தக் கைத்தொழில் வைத்திருந்ததால் அவர்கள் பிழைப்பு ஓடியது. அது பலர் கண்ணை உறுத்தியது. கிறுக்கி வேலை முடிந்து அந்தப் பாலத்தடியில்தான் பஸ் ஏறுவாள். ஏறுவதற்கு முன் அங்கேயிருந்த பேக்கரியில் ரொட்டி வாங்குவாள். பேக்கரிக்காரர் குண்டு மனிதர். புருவம் முழுக்க மாவாக இருக்கும். அவள் கைவிரலில் பென்சில் கரியைப் பார்த்துவிட்டு, "உங்க கை கறுப்பு, என் கை வெள்ளை, ரெண்டு பேரும் கை குலுக்கினா சாம்பல்தான்" என்று தினமும் அதே ஜோக்கை அடிப்பார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "புதுசா ஒண்ணு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்பாள்.

தலைவர் அந்த ஊருக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மாலை. சரக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய திடல். மேசையைப் போட்டு உட்கார்ந்தபோதே கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். முன்வரிசையில் நிறைய பேர் கையில் கொடிக்கம்பு இருந்தது, கொடி இல்லை. அவளுக்கு நேர் பின்னால் மூன்றாவது வரிசையில் தம்பி உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினான்.

தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். மில்லைப் பற்றிப் பேசினார், பசியைப் பற்றிப் பேசினார், தான் பசித்திருந்த காலத்தைப் பற்றிப் பேசினார். பெண்கள் அழுதார்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம வீடு இருட்டா கிடக்குது. வந்தவங்க வீட்டுல வெளக்கு எரியுது. அவங்க வீட்டை நாம..." நெற்றியைத் தேய்த்தார். "அவங்க வீட்டை நாம என்ன... அந்தச் சொல்லு வர மாட்டேங்குதே..."

"பூட்டணும்!" என்றது கூட்டம்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அது இல்லை.

"இடிக்கணும்!"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதுவும் இல்லை. ஐம்பதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடினார்கள். அப்போது அவளுக்கு நேர் பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த குரல்.

"கொளுத்தணும்!"

தலைவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குரல் வந்த பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நான் சொல்லல. என் ஜனங்க சொல்றாங்க" என்றார். அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அவள் பென்சில் முனை உடைந்தது. உடைந்த கட்டையாலேயே அந்தச் சொல்லை அடைப்புக்குறிக்குள் அழுத்தி எழுதினாள்.

திடலிலிருந்து பாலத்துக்குப் பத்து நிமிட நடை. நடக்கக்கூடத் தேவையில்லாமல் கூட்டம் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. கால் தரையில் படவே இல்லை. பாலத்தைத் தாண்டியதும் முதல் கல் தையல்காரர் கண்ணாடிக் கதவில் விழுந்தது. தையல் மிஷின்கள் தெருவில் வந்து உடைந்தன. மாடியில் ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். அந்தக் கைகளோடு அவரை இழுத்துக் கீழே போட்டார்கள். மண்டை தரையில் மோதிய சத்தம் அத்தனை இரைச்சலிலும் அவளுக்குத் தனியாகக் கேட்டது. பெட்ரோல் கேன்கள் எங்கிருந்தோ வந்தன. இவ்வளவு சீக்கிரம் யார் கொண்டுவந்தார்கள் என்று யோசிக்கும் நிலையில் யாரும் இல்லை.

பேக்கரியின் ஷட்டர் இறக்கியிருந்தது. ஐந்தாறு பேர் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அவள் தம்பி.

"டேய்!" என்று அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். "அக்காடா! என்னைப் பாருடா!"

அவன் திரும்பினான். பார்த்தான், அவளைத் தெரியவில்லை. அந்தக் கண்ணை அவள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. முழங்கையால் ஒரு இடி. அவள் வாயில் ரத்தமும் ஒரு பல்லும் சேர்ந்து வந்தன. துப்பிவிட்டு மறுபடி பாய்ந்து, அவன் மணிக்கட்டைக் கவ்விக் கடித்தாள். எலும்பு தட்டும்வரை கடித்தாள். அவன் உதறியதில் போய்ச் சாக்கடை ஓரம் விழுந்தாள்.

ஷட்டர் மேலே போனது. பேக்கரிக்காரரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அடுப்பிலிருந்து ரொட்டியை எடுக்கிற அவருடைய நீள மரத் துடுப்பாலேயே முதல் அடியை அடித்தார்கள். அது முறிந்தது. அவர், "ஐயா, உள்ள அடுப்பு எரியுது, பார்த்து, பார்த்து" என்று சொன்னார். அடிக்கிறவர்கள் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று சொன்னாரா, கடைக்காகச் சொன்னாரா, தெரியாது. தம்பி கடப்பாரையை இரண்டு முறை ஓங்கினான். இரண்டாவது முறைக்குப் பிறகு அவர் அசையவில்லை. புருவத்து மாவு சிவப்பாகியிருந்தது.

கிறுக்கி எழுந்து பின்சந்துக்கு ஓடினாள். கடையின் பின்பக்க ஜன்னலைக் கல்லால் உடைத்து, கம்பியை மிதித்து வளைத்து, பேக்கரிக்காரர் மனைவியைத் தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்தாள். மயிர் கையோடு வந்தது, ஆளும் வந்தாள். "அவரு முன்னால இருக்காரு, அவரு வரணும்" என்று திமிறியவளின் வாயைப் பொத்தி, கால்வாயின் படிக்கட்டில் இறக்கி, கழுத்தளவுத் தண்ணீரில் பாலத்துக்கு அடியில் உட்கார வைத்தாள். மேலே மாவு மூட்டைகளில் தீப்பிடித்துக் கடை குண்டு வெடித்த மாதிரி வெடித்தது. எரிந்த மாவு தண்ணீர் மேல் கறுப்பாக வந்து படிந்தது. போலீஸ் லாரிகள் வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள். அன்று பதினோரு பேர் செத்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் தம்பி வீட்டுக்கு வந்தான். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். பாதி சட்டையில் கொட்டியது.

"அந்த ரொட்டிக்காரரு என்னடா பண்ணினாரு உன்னை?"

"தலைவர் சொன்னாரு, செஞ்சோம்."

"அவரு ஒண்ணும் சொல்லலடா. நான் எழுதியிருக்கேன். அவரு வாயிலிருந்து அந்தச் சொல் வரல."

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். "சொல்லலன்னா எனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

அவன் போய்விட்டான்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "தலைவர் பேசினதை மட்டும் டைப் பண்ணும்மா. கூட்டம் கத்தினதெல்லாம் எதுக்கு? கூட்டம்னா கத்தத்தான் செய்யும்."

"எப்பவும் எழுதுறதுதானே சார்?"

"எப்பவும் வேற, இது வேற. உனக்கு ஒரு குடும்பம் இருக்கு."

அவள் அவர் சொன்னபடியே டைப் அடித்துக் கொடுத்தாள். அடைப்புக்குறிகள் இல்லாமல் பார்த்தால் அது ஒரு சாதுவான பேச்சு. ஒரு பெரியவர் ஏதோ சொல்ல வந்து, மறந்து, உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி கேட்ட கேள்வி உள்ளே கிடந்து அரித்தது. ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பீரோவைத் திறந்து அந்த வருடத்துப் பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினாள்.

ஆறு ஊர். ஆறு ஊரிலும் அதே வாக்கியம். ஆறு ஊரிலும் அதே இடத்தில் அவருக்கு மறதி வந்திருந்தது. ஒரு ஊரில் 'துரத்தணும்' என்றிருக்கிறார்கள், ஒரு ஊரில் 'கேக்கணும்', ஒரு ஊரில் 'பூட்டணும்'. எதற்கும் அவர் முகம் மலரவில்லை. "சரி விடுங்க, ஞாபகம் வந்தா சொல்றேன்" என்று வேறு பேச்சுக்குப் போயிருந்தார். ஏழாவது ஊரில்தான் அவர் தேடிய சொல் கிடைத்தது. அதைத் தேடிக் கொடுத்தவன் அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

விசாரணை ஆணையம் என்று ஒன்று போட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் அதற்குத் தலைமை. அவள் தானாகவே போய், என்னிடம் ஏழு நோட்டு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது நாள் மதியம் அவள் வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு பேர் வந்தார்கள். நல்ல உடுப்பு, நல்ல மரியாதை. "அக்கா, நோட்டு எங்கே?" என்றான் ஒருவன். நோட்டுகள் ஏற்கெனவே ஆணையத்தின் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. அதைச் சொன்னாள்.

"அப்போ எழுதுற கை எதுக்குக்கா?"

வலது கையைக் கதவிடுக்கில் வைத்து, ஒருவன் பிடித்துக்கொள்ள, மற்றவன் கதவைச் சாத்தினான். திறந்து, மறுபடி சாத்தினான். நான்கு விரல்கள். அவள் போட்ட அலறலுக்குத் தெருவில் எந்தக் கதவும் திறக்கவில்லை. போகும்போது, "உடம்பைப் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கணவன் பஸ்ஸை நடுவழியில் விட்டுவிட்டு ஓடி வந்தான். மருத்துவமனையில் அவள் கட்டுப் போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். "போதும்மா. விட்டுடலாம்" என்றான்.

"எழுதுற கையை ஒடிச்சிட்டாங்க. படிக்கிற கண்ணை மறந்துட்டாங்கங்க" என்றாள் அவள். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. ஆனால் விசாரணை நாளன்று விடுப்புப் போட்டுவிட்டு, தன் டிரைவர் உடுப்போடேயே அவளுக்கு முன்னால் நடந்து, கூட்டத்தை விலக்கி, அவளை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தவன் அவன்தான். வழியில் யாரோ எறிந்த ஒரு பாட்டில் அவன் காதைக் கிழித்தது. கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் தலைவரின் ஆட்கள். தலைவரின் வக்கீல் எடுத்த எடுப்பிலேயே, "ஆபீஸ்ல உங்களுக்குக் கிறுக்கின்னு பேராமே?" என்றார். ஒரே சிரிப்பு.

"ஆமாங்கய்யா. எழுதுறதுக்காக ஒரு அர்த்தம். இங்க வந்து நிக்கிறதுக்காக இன்னொரு அர்த்தம்."

நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டார். "உங்க நோட்டை வேற யாராலயும் படிக்க முடியல. நீங்களே படிச்சுக் காட்டுங்கம்மா. பேசின மாதிரியே படிங்க" என்றார்.

பதினாறு வருடம் மேடைக்குக் கீழே உட்கார்ந்தவள் அன்றுதான் முதல்முறையாகப் பலர் முன்னால் நின்று வாய் திறந்தாள். இடது கையால் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே விதத்தில், சமையலறையில் படித்த விதத்தில், படிக்கத் தொடங்கினாள். தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினாள். மண்டபம் அடங்கியது. பின்வரிசைக்காரர்கள் முன்னால் சாய்ந்தார்கள். பெண் குரல் என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோயிற்று.

"நம்ம வீடு இருட்டா கிடக்குது. வந்தவங்க வீட்டுல வெளக்கு எரியுது. அவங்க வீட்டை நாம..."

நிறுத்தினாள். அவர் எவ்வளவு நேரம் நிறுத்தினாரோ அவ்வளவு நேரம். கட்டுப் போட்ட கையால் நெற்றியைத் தேய்த்தாள். "அவங்க வீட்டை நாம என்ன... அந்தச் சொல்லு வர மாட்டேங்குதே..."

"கொளுத்தணும்!" என்று மண்டபத்தின் பாதி ஒரே குரலில் கத்தியது.

கத்தியவர்களே திகைத்துப்போனார்கள். ஒருவன் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மற்ற ஆறு நோட்டுகளையும் படிக்கச் சொன்னார். படித்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்குத் திடல்ல அந்தச் சொல்லை முதல்ல சொன்னது யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

முதல் பெஞ்சில் இருந்த கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரியும். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் யாரும் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என் கூடப் பிறந்தவன் ஐயா. பேக்கரிக்காரரை அடிச்சதும் அவன்தான். என் பல்லு அவன் கையில பதிஞ்சிருக்கும், பாருங்க."

தம்பியை அன்று மாலையே அச்சகத்தில் வைத்துப் பிடித்தார்கள். தப்பி ஓடப் பார்த்தவனைப் படிக்கட்டில் உருட்டி அடித்து இழுத்துப் போனார்கள். பன்னிரண்டு வருடத் தண்டனை. தலைவர் தரப்பிலிருந்து அவனுக்கு ஒரு வக்கீல்கூட வரவில்லை. ஆணையத்தின் அறிக்கை, பேச்சு பொறுப்பற்றது என்று ஒரே ஒரு வரியில் சொன்னது. பத்து மாதத்தில் தேர்தல் வந்தது. தலைவர் நாட்டின் உச்சத்துக்குப் போனார். அங்கே போன பிறகு அவருக்கு எந்தச் சொல்லும் மறந்ததாக யாரும் சொல்லவில்லை. அவளைப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மடங்காத விரல்களோடு இடது கையால் எழுதப் பழகி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள்.

மாதம் ஒருமுறை சிறைக்குப் போவாள். முதல் தடவை தம்பி கம்பி வழியாக அவள் முகத்தில் துப்பினான். அடுத்த தடவை கம்பியில் தன் நெற்றியை மோதி மோதி உடைத்துக்கொண்டான். காவலர்கள் அடித்து உள்ளே தள்ளினார்கள். பிறகு இரண்டு வருடம் பார்க்க வர மறுத்தான். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவாள். மூன்றாம் வருடம் ஒரு நாள் வந்தான். எதிரே உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் வந்தான்.

தண்டனையைக் குறைத்து, பத்தாவது வருடமே வெளியே விட்டார்கள். முடி நரைத்து, ஒரு காது கேட்காமல் வந்தான். போக இடம் இல்லாமல் அவள் வீட்டிலேயே தங்கினான். சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை கிடைத்தது. காலையில் போவான், மாலையில் வருவான். கணவனும் அவனும் ஒரே மேசையில் வாய் திறக்காமல் சாப்பிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அந்த ரொட்டிக்காரர் பேரு என்ன?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கோர்ட்டுல சொன்னாங்களேடா."

"காதுல விழல."

அவள் பெயரைச் சொன்னாள். அவன் கேட்கிற காதைத் திருப்பி, "இன்னொரு தரம் சொல்லு" என்றான். சொன்னாள். அவன் உதடுகள் அந்தப் பெயரை இரண்டு முறை சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தன. பிறகு அவள் எதிரே உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.